நினைவுக்கல்லில் சேர்க்கப்பட்ட கன்னியம்மாளின் பெயர்

அனுப்புநர்:
அ. உஸ்மான் கனி,
தையற்கடை, நூம்பல் சாலை,
குமணன்சாவடி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஏரிக்கரை மயானம் – ரங்கூன் குண்டுவீச்சில் இறந்தோர் நினைவுக்கல் – புதிதாக வெட்டப்பட்ட ஒரு பெயரை மூடித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. ஏரிக்கரை மயானத்தின் மூலையில் மதில் ஓரமாக ஒரு கருங்கல் நிற்பதைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 டிசம்பரில் ரங்கூன் நகரத்தின் மீது விமானங்கள் குண்டு போட்டதில் இறந்துபோன எங்கள் பகுதிக்காரர்களுக்காக நட்ட கல் அது. பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். அங்கே தையல் வேலை பார்த்த என் பாட்டனார் அஸ்கரின் பெயரும் அதில் உண்டு. ஒருவருடைய உடலும் ஊர் வந்து சேரவில்லை. தப்பித்து வந்த குடும்பங்கள், நின்று அழுவதற்கு ஓர் இடமாவது வேண்டுமென்று, இந்து முஸ்லிம் பாராமல் எல்லாப் பெயரையும் ஒரே கல்லில் வெட்டி வைத்தன.

2. அந்தக் கல்லில் நடுவே ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அது தேய்ந்துபோன வரி அல்ல, வேண்டுமென்றே விட்ட இடம். வேம்புலியம்மாள் என்பவர் குண்டுவீச்சின்போது இரண்டு பெண் பிள்ளைகளுடன் தெருவில் ஓடியிருக்கிறார். இளையவள் தாயம்மாள் இடுப்பில் இருந்தாள். கையைப் பிடித்து ஓடிய மூத்தவள் கன்னியம்மாளைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார். பிறகு யாரோ ஒருவர், அந்த ஜாடையில் ஒரு பெண்ணை வேறு பிள்ளைகளோடு லாரியில் ஏற்றிப் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பியே வேம்புலியம்மாள் கடைசிவரை வாழ்ந்தார். கல் நட்டபோது, "எடம் வேணா உட்டு வையுங்க. பேர் எழுதக் கூடாது. நிச்சயமா தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்" என்று சொன்னாராம். அவர் சொல்ல வரவே இல்லை. இதை என் தகப்பனார் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

3. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகத்தின் அனுமதியுடன் ஒரு நற்பணி அறக்கட்டளையினர் மயானத்தைச் சீரமைத்தார்கள். மதில் எழுந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, விளக்கும் எரிகிறது. மனமார்ந்த நன்றி. (எங்கள் தெருவுக்கு இன்னும் விளக்கு வராதது வேறு மனு.) வேலையை மேற்பார்த்த திரு. ராகவன் நல்ல மனிதர். வெறும் வரியைப் பார்த்து, மழையில் ஒரு பெயர் அழிந்துவிட்டது என்று எண்ணி வருந்தி, அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். எங்கள் ஆட்களில் ஒருவரே, "ஒரு பொண்ணு கூட இருந்திச்சே, கன்னியம்மா" என்று சொல்லியிருக்கிறார். உடனே ஆள் வைத்து, மற்ற எழுத்துகளை விட அழகாகவே வெட்டிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இது. இதில் யார் மீதும் எங்களுக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

4. ஆடி அமாவாசையன்று இந்துக் குடும்பத்தினர் அந்தக் கல்லின் முன் தங்களவர் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் இலை போட்டுப் படைப்பது வழக்கம். நாங்களும் அதே காலையில் போய் எங்களவர்களுக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவோம். உயிரோடு இருப்பவருக்கு இலை போடக் கூடாது என்பதால் கன்னியம்மாளுக்கு ஒருபோதும் இலை விழுந்ததில்லை. இந்த ஆண்டு தாயம்மாளின் பேத்தி காவ்யா, கல்லில் உள்ள பெயர்களைப் படித்துப் படித்து இலை போட்டுக்கொண்டே போனாள். அவளுக்கு விவரம் தெரியாது. தாயம்மாளுக்கோ எழுத்து தெரியாது, ஆனால் வழக்கமாக எத்தனை இலை என்பது தெரியும். ஓர் இலை அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்று கேட்டார். காவ்யா அந்தப் பெயரைப் படித்துக் காட்டிவிட்டாள்.

5. தாயம்மாள் எங்களைப் பார்த்து, "அக்கா செத்தத யாருன்னா பாத்தீங்களா? எங்கம்மா பாக்கல. நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அந்த இலையை அவரே எடுத்து மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

6. அவருடைய மகன் துலுக்கானம் பருத்திப்பட்டில் வீடு கட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. அம்மாவுக்கென்று தனி அறையும் உண்டு. ஆனால் தாயம்மாள் குமணன்சாவடியில் உள்ள ஒற்றை அறை வாடகை வீட்டை விட்டு அசையமாட்டார். அக்கா தேடி வந்தால் இந்த முச்சந்தியில் இறங்கித்தானே வேம்புலியம்மாள் வீடு எது என்று கேட்பாள் என்பது அவர் கட்சி. துலுக்கானம் கெஞ்சியிருக்கிறார், திட்டியிருக்கிறார், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்திருக்கிறார். அமாவாசைக்கு மறுநாள் தாயம்மாளே மகனைக் கூப்பிட்டு, "கல்லுலயே எழுதிட்டாங்க நைனா. இனிமே நான் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீறேன்? உன் ஊட்டுக்கே வந்துர்றேன்" என்றாராம். துணிமணிகளைப் பையில் கட்டி வைத்துவிட்டார். முன்போல் வாசல் பக்கம் வந்து உட்காருவதும் இல்லை. சோறும் பாதிதான் இறங்குகிறது.

7. இத்தனை காலம் அம்மாவை அழைத்துப்போகத் தவித்த துலுக்கானம்தான், அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, இந்த மனுவை எழுதித் தரும்படி கேட்டார். "இப்டி வர்றதுக்கு வராமலே இருக்கலாம் அண்ணாத்தே" என்றார். அவர் கண்ணீரைப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

8. கன்னியம்மாள் இருந்தால் இன்றைக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். தாயம்மாளுக்கும் தெரியும். உண்மை எது என்று தங்களிடம் வழக்காட நாங்கள் வரவில்லை. அந்த வரியில் எழுதும் உரிமையைத் தாயார் தன் கையில் வைத்திருந்தார், பிறகு மகளிடம் விட்டுச் சென்றார். தாயம்மாளைக் கேட்காமல் எழுதியது தவறு என்று மட்டுமே பணிவுடன் சொல்கிறோம்.

9. ஆகவே, அந்த ஒரு பெயரை மட்டும் மூடித் தர உத்தரவிடும்படி வேண்டுகிறோம். வெட்டிய எழுத்தில் கருங்கல் தூளும் பசையும் கலந்து அடைத்தால் தெரியாது என்றும், வேண்டும்போது சுரண்டி எடுத்துவிடலாம் என்றும் கல் தச்சர் சொல்கிறார். வேலை முடிந்ததும் தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து, "தப்பாக எழுதிவிட்டோம் அம்மா" என்று தாயம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார். அதிகாரி சொன்னால் நம்புவார்.

10. நிரந்தரமாக மூடும்படி நாங்கள் கேட்கவில்லை. தாயம்மாளுக்கு வயது எண்பத்தொன்பது. அவர் இருக்கும்வரை மூடியிருந்தால் போதும். அதற்குப் பிறகு தாங்கள் அதைத் திறந்துவிடலாம், நாங்கள் தடை சொல்லமாட்டோம். கன்னியம்மாளுக்காகக் காத்திருக்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்.

இடம்: குமணன்சாவடி
நாள்: 11.08.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
அ. உஸ்மான் கனி
(நினைவுக்கல்லில் பெயருள்ள குடும்பங்கள் சார்பாக)

உடன் கையொப்பம்: தா. துலுக்கானம், தாயம்மாளின் மகன்