முபீனும் காது மெஷினும்

ஏப்ரல் 9
இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம் என் பிள்ளை முபீனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எல்.கே.ஜி.க்குத்தான் கேட்டுப் போனோம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சிரித்த முகமாகத்தான் பேசினார். முபீன் காதுக்குப் பின்னால் இருந்த காது கேட்கும் மெஷினைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கிளாஸ்ல நெறைய பிள்ளைங்கம்மா. இவன ஒருத்தன மட்டும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. இப்பிடிப் பிள்ளைங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கே?”
முபீன் அவர் மேசை விளிம்பில் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷின் போட்டுத்தான் இருந்தான். எம்புட்டுக் கேட்டதோ.

ஏப்ரல் 10
என் வீட்டுக்காரர் நஜீம் கடையிலிருந்து வந்து, “விடு ஷாஹீதா. மதுரையில பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்?” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 22
பேச்சுப் பயிற்சிக்குப் போகும் இடத்தில் சொன்னார்கள் என்று விளாங்குடிக்குப் போனோம். சின்னப் பள்ளிக்கூடம். எல்.கே.ஜி. டீச்சர் பெயர் இசைவாணி. என்னிடம் பேசுமுன் முபீன் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். “உன் பேரு என்ன?”
“மூபீன்” என்று இழுத்துச் சொன்னான்.
பிறகு என்னைப் பார்த்து, “எந்தப் பக்கம் நின்னு பேசினா இவனுக்கு நல்லாக் கேக்கும்க்கா?” என்றார்.
இத்தனை நாளில் யாருமே கேட்காத கேள்வி. “முகத்தப் பாத்துப் பேசினாப் போதும்” என்றேன்.
“இப்பிடி ஒரு பிள்ள எனக்கு இதுதான் முதல் தடவ. தெரியாததச் சொல்லிக் குடுங்க. கத்துக்கிறேன்.”
சேர்த்துவிட்டோம். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். முபீன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, “பச்சை பஸ்!” என்று வெளியே காட்டினான். ஆமாடா, பச்சை பஸ்.

மே 5
பள்ளிக்கூடம் போகுமுன் பழக்க வேண்டியவை: டிபன் டப்பாவைத் தானே திறப்பது, பாத்ரூம் போகக் கேட்பது, மெஷின் கழன்றால் தானே மாட்டுவது. கேட்கவில்லையென்றால் கையைத் தூக்கி “கேக்கல மிஸ்” என்று சொல்வது. இதுதான் கஷ்டம். கேட்கவில்லையென்றால் சிரித்துச் சமாளித்துவிடுகிறான். எல்லாரும் நல்ல பிள்ளை என்கிறார்கள்.
நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவேன், அவன் கை தூக்க வேண்டும். விளையாட்டு அதுதான். அவனோ வந்து என் கையைப் பிடித்து விலக்கிவிட்டு வாயைப் பார்க்கிறான்.

மே 6
“கேக்கல மி.” ஸ் வரவில்லை. போதும்.

மே 14
மாமியாரோடு சண்டை. “முடியக் கொஞ்சம் வளர விடேன், காது மூடிக்கிரும். பிள்ளைங்க கேலி பண்ணாதுல்ல” என்றார். “மறைச்சு வைக்க அது என்ன திருட்டுப் பொருளா மாமி?” என்று கேட்டுவிட்டேன். அவரும் பயந்துதானே சொன்னார்? எனக்கு மட்டும் பயமில்லையா?

ஜூன் 8
மாமி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் முபீனைக் கூட்டிக்கொண்டு போய், முடியை ஒட்ட வெட்டிக் கூட்டி வந்திருக்கிறார். இரண்டு காதும், நீல மெஷினும் பளிச்சென்று தெரிகிறது. “வெயிலு காலம். காத்தாடட்டும்” என்றார். இரண்டு பேருக்கும் டீ போட்டேன்.

ஜூன் 11
முதல் நாள். அழவில்லை. கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டான்.
கூப்பிடப் போனால் காதில் மெஷின் இல்லை. பைக்குள் கிடந்தது. சூர்யபிரகாஷ் என்று ஒரு பையன், என்னவென்று பார்க்கப் பிடித்து இழுத்திருக்கிறான். டீச்சர் மறுபடி மாட்டப் போயிருக்கிறார். இவன் விடவில்லை.

ஜூன் 12
“வேணாம்.” காதைப் பொத்திக்கொண்டான். மெஷின் இல்லாமலேதான் போனான்.

ஜூன் 13
இன்றைக்கும் வேணாம். நான் அவசரப்பட்டுட்டேனோ? அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்ன மாதிரி வேற எடத்துலதான் சேத்திருக்கணுமோ? கேக்காம உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பானே எம்புள்ள. யா அல்லாஹ்.

ஜூன் 16
இசைவாணி மிஸ் என்னை வகுப்புக்குள் வந்து உட்காரச் சொன்னார். முபீன் என் மடியில். மெஷின் என் உள்ளங்கையில். “இது முபீனோட காது மெஷின். யாரு என்ன கேக்கணுமோ கேளுங்க” என்றார் பிள்ளைகளிடம்.
“இதுல பாட்டு வருமா?” என்றது ஒன்று. “தண்ணியில போட்டா?” என்றது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். கடைசியில் சூர்யபிரகாஷ், முன்னால் வந்து நின்று, “வலிக்குமா?” என்றான்.
நான் வாயைத் திறக்குமுன் முபீன் சொன்னான்: “வலிக்காது. நீ இழுத்தா வலிக்கும்.”
வீட்டுக்கு வெளியே இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. சூர்யபிரகாஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “இனி இழுக்க மாட்டேன்.” முபீன் என் உள்ளங்கையிலிருந்து மெஷினை எடுத்தான். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினான். நான் சரிசெய்யப் போகவில்லை.
வெளியே வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டேன். “டிபன் டப்பாவை மட்டும் கொஞ்சம் லேசா மூடி விடுங்கக்கா, திறக்க முடியாம என்கிட்ட வாரான்” என்று சிரித்தார்.

ஜூலை 3
போர்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த டீச்சரிடம் கை தூக்கி, “கேக்கல மி” என்றானாம். போனில் சொன்னார். நஜீமுக்கு அப்போதே கடைக்குப் போன் போட்டேன். “இருடி, கஸ்டமர் நிக்கிறாரு” என்றவர், போனை வைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6
சாயங்காலம் முபீன் காரை உருட்டிக்கொண்டிருந்தான். “வீட்டுப்பாடம் எழுத வாடா” என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். நன்றாகக் கேட்டிருக்கிறது. மறுபடி கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரை உருட்டப் போய்விட்டான்.
மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “அவுக அத்தா நஜீமு சின்னப்பிள்ளையில மெஷின் எதுவும் இல்லாமலே கேக்காத மாதிரி இருப்பான்டி!”
திட்டத்தான் போனேன். அல்ஹம்துலில்லாஹ், சிரிப்புத்தான் வந்தது.