சொன்னது அவன், எழுதியது நான்

என் அன்பு மனைவிக்கு,

நலம். நீ நலமா? அம்மாவின் இருமல் நின்றதா?

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. மரப்பட்டறையில் பலகை சரிந்து வலது கையில் லேசான சிராய்ப்பு. நான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கட்டில் தச்சர் எழுதுகிறார். தொளதொளவென்று அரைக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. இங்கே புழுக்கம்.

தங்கச்சி, இனி எழுதுவது தச்சன். புழுக்கமெல்லாம் இல்லை. எலும்பு முறிந்து முழங்கை வரை மாவுக்கட்டு. முழுக்கைச் சட்டை நுழையாது. ஆறு வாரத்தில் சரியாகிவிடும்.

"என்னண்ணே, நான் சொன்னதுக்கு மேல எழுதுறீங்க?" என்று எட்டிப் பார்க்கிறான்.

"விலாசம்டா" என்று சமாளித்தேன்.

எனக்குக் கடிதம் போட ஆளில்லை. இவ்வளவு நேரம் ‘நலமா’ என்று எழுதிய கை என்னுடையது. பதிலில் எனக்கும் ஒரு ‘நலமா’ போட்டுவிடம்மா.