வாசல் மாறிய நட்சத்திரம்

கோத்தா கோலா மூடா,
நவம்பர் 9

அன்புள்ள பிரிஜெட் அக்காவுக்கு,

குணவதி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். மெல்பர்னில் நீங்களும் மகள் அலிசியாவும் சுகம்தானே? தஞ்சோங் டாவாய் நெத்திலி அனுப்பலாம் என்று வாங்கினேன். உங்கள் ஊர்க் கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்களாம். உங்கள் பெயரைச் சொல்லி என் வீட்டுக்காரரே தின்று தீர்த்துவிட்டார்.

நம் பழைய வீடுகள் இருந்த இடத்தில் பொது மண்டபம் எழும்புகிறது. சுமத்ராவில் நிலம் ஆடி, நம் தெருவைக் கடல் வழித்துக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதுதான் அங்கே சுவர் எழுகிறது. வரைபடம் போட்டது சுங்கைப் பட்டாணிப் பெண் உமாராணி. தண்ணீர் வந்தால் அடியில் ஓடிப்போகட்டும் என்று தூண்கள்மேல் நிறுத்தியிருக்கிறாள். கடல் பக்கம் ஜன்னலே வேண்டாம் என்று ஊரில் பாதிப் பேர் சண்டை. அவள் கேட்கவில்லை, ஜன்னல் வைத்தே தீர்த்தாள். நானும்தான் திட்டினேன். இப்போது அந்த ஜன்னலடியில்தான் உட்கார்ந்து காற்று வாங்குகிறேன்.

உள்சுவர் முழுக்க நம் தெருவை வரைகிறாள். படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்தானே நம் இரண்டு கதவுக்கும்? அதைச் சொன்னேன். என் கதவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், உங்கள் வாசலில் கோலம் என்றும் சொன்னேன். போய்ப் பார்த்தால் நட்சத்திரம் உங்கள் கதவில், கோலம் என் வாசலில்.

“ஆன்ட்டி, நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க லா. நான் சரி பண்ணிட்டேன்” என்கிறாள்.

எனக்கு வந்த கோபம்! என் கோலம் கோணல் என்று பொங்கலுக்கு நீங்கள்தான் வந்து போடுவீர்கள், மிச்ச மாவில் உங்கள் வாசலிலும் ஒன்று போடுவீர்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நட்சத்திரம் உங்கள் பிள்ளை கிறிஸ்டியன் கட்டியது. ஆன்ட்டி வீடு மட்டும் இருட்டாக இருக்கிறதே என்று, பண்டிகை அன்று மாலை உங்கள் வீட்டு நட்சத்திரத்தைக் கழற்றி என் கதவில் மாட்டினான். மறுநாள் கடற்கரைக்குப் போனவன்தான்.

கதையைச் சொன்னதும் உமாராணி இரண்டையும் அழித்தாள். நட்சத்திரம் என் கதவுக்கு வந்துவிட்டது. உங்கள் வாசல் கோலத்தை என்னையே போடச் சொன்னாள், கோணலானாலும் பரவாயில்லையாம். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் திறப்பு விழா. அந்தக் கரையை இனி மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்தக் கோலத்துக்கு வாங்கிய வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துக் கதவு,
குணவதி