கரகரப்பு போகாத இசைத்தட்டுகள்

அன்பு மாமா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் மல்லிகா உங்கள் இசைத்தட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். அதுவரை அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

உங்களைக் கேட்காமல் உங்கள் மகளைக் கட்டிக்கொண்டவன் நான். மூன்று வருடம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் ஒரு நாள் போன் செய்தீர்கள்.

"ரெக்கார்டெல்லாம் கரகரன்னு கேக்குது. நீங்க ரிப்பேர் வேலை பாக்குறவருதானே, ஒரு எட்டு இங்கிட்டு வாங்களேன்."

நான் பார்த்தது டிவி ரிப்பேர். இசைத்தட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. அதைச் சொன்னால் வர வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயந்து, யூடியூப்பில் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தேன்.

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. மெல்லிய துணி. நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. குறுக்கே தேய்க்காமல் கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தேன். துணி கறுத்துப்போனது. காயவைத்து, முள்ளை வைத்ததும் பாட்டு பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்களோ உதட்டைப் பிதுக்கினீர்கள்.

"இன்னும் கேக்குதே மாப்ள."

மாப்ள என்று நீங்கள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறும் வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். முள்ளைக்கூட மாற்றிப் பார்த்தோம். தட்டு காயும் நேரத்தில் பூ விலையில் தொடங்கி என் அம்மாவின் முட்டிவலிவரை பேசினோம்.

ஒரு நாள் பாட்டு ஓடும்போதே கரண்ட் போனது. தட்டு சுற்றி, தளர்ந்து, நின்றுவிட்டது. நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"கேளுங்க, இப்பவும் கரகரன்னுதான் இருக்கு."

பாட்டு முடிந்தும் தட்டு சுற்றிக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைத்துவிட்டீர்கள் என்று எண்ணினேன். சத்தம் தட்டில் இல்லை, உங்கள் காதில். அதை எப்படிச் சொல்வது?

"ஆமா மாமா, கொஞ்சம் அழுக்கு இருக்கு. அடுத்த வாரம் வந்து தொடச்சிருவோம்" என்றேன். உங்கள் மனம் நோகக் கூடாதென்று நான்கு வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன்.

போன ஞாயிறு துடைத்துக்கொண்டே இதை மல்லிகாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுங்க. ஒங்களக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே புதுக்கோட்டை டாக்டர் சொல்லிட்டாரு, காதுக்குள்ளதான் எரைச்சல், சரியாகாதுன்னு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'ரெக்கார்டு சரியாப்போச்சுன்னா அப்பறம் அவரு எதுக்கு வரப்போறாரு'ன்னு சொன்னாரு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஈரத் துணியையே முகத்தில் வைத்துக்கொண்டேன்.

அன்று கரண்ட் போனபோது மின்விசிறியும் நின்றதே மாமா. அது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் சொன்னது பொய் என்று தெரிந்துதான் தலையாட்டினீர்களா?

பெட்டியில் இன்னும் பன்னிரண்டு தட்டுகள் இருக்கின்றன. உறைகளில் பூஞ்சை ஏறத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழைக்குள் அத்தனையையும் துடைத்து, ஒன்று விடாமல் மல்லிகாவோடு உட்கார்ந்து கேட்டுவிடுகிறேன்.

என்றும் உங்கள்
மாப்பிள்ளை