பதினெட்டு நாள் குளிசை

கொழும்பு
6.4.1969

அன்புள்ள பராசக்திக்கு,

நீரும் அம்மாவும் நீர்வேலியில் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். வருடப்பிறப்புக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வரும் ஏரம்பு அண்ணையிடம் உடம்பு மெலியும் குளிசை கொடுத்தனுப்புகிறேன். காலையும் மத்தியானமும் ஒவ்வொன்று. பசி எடுக்காதென்று மருந்துக்கடைக்காரன் சொல்கிறான். வைகாசியில் என்னோடு வேலை செய்யும் நமசிவாயத்தாரின் மகளுக்கு இங்கே கலியாணம். கந்தோர் ஆட்கள் முழுப்பேரும் வருவார்கள். நூற்றித்தொண்ணூறு இறாத்தல் நிறையோடு உம்மைக் கூட்டிப் போக எனக்குக் கூச்சமாயிருக்கிறது. குறை நினைக்க வேண்டாம்.

உமது,
சிவசுப்பிரமணியம்

நீர்வேலி
28.4.1969

அன்புள்ள அத்தான்,

உங்கள் குளிசையைப் பதினெட்டு நாள் விழுங்கினேன். பசி போனது உண்மை. நித்திரையும் போய்விட்டது. வருடப்பிறப்புப் பொங்கலைக் கண்டாலே குமட்டல். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது; ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை நடுங்குகிறது. மாமியோடு ஒருநாளும் வாய்காட்டாத நான், கறிக்கு உப்புக் காணாதென்று அவ சொன்னதற்கு அகப்பையை எறிந்தேன். போன வெள்ளி கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். பதினொரு இறாத்தல் குறைந்திருக்கிறது. குளிசையை நிறுத்திவிட்டேன்.

இப்போது மெலிவதற்கு மாமி கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்கிறா. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா தேனும் தேசிக்காயும் என்கிறா. எனக்கு எல்லாரிலும் எரிச்சலாய் வருகிறது.

அன்புடன்,
பராசக்தி

கொழும்பு
3.5.1969

அன்புள்ள பராசக்திக்கு,

பதினெட்டு நாளில் பதினொரு இறாத்தல்! இதைப் போய் நிறுத்துவார்களா? பாதிக் குளிசையாவது போடும். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது. கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவச் சொல்லி அம்மாவிடம் சொல்லும்.

உமது,
சிவசுப்பிரமணியம்

நீர்வேலி
11.5.1969

அத்தான்,

நான் பாசியில் வழுக்கவில்லை. மயங்கி விழுந்தேன் என்றுதான் எழுதியிருந்தேன். குளிசையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"உந்தக் குளிசையை உங்களுக்கு ஆர் தந்தது?" என்று டொக்டர் கேட்டார்.

"என்ரை மனுசன்."

"அவர் டொக்டரோ?"

"இல்லை ஐயா, கிளாக்கர்."

எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது. இந்தக் குளிசை எனக்கு ஆகவே ஆகாதாம். சீனி வியாதி இல்லை. சோற்றைக் குறைத்து, கீரை காய்கறியைக் கூட்டி, தேத்தண்ணிக்குச் சீனியை விட்டு, தினமும் நடக்கச் சொன்னார். "மாசம் நாலு இறாத்தல் குறைஞ்சால் போதும். பட்டினி கிடக்காதேங்கோ, திரும்ப ஏறும்" என்றார். நடக்கத் தொடங்கிவிட்டேன்.

கலியாணத்துக்கு நான் வரவில்லை. மிச்சக் குளிசையை ஏரம்பு அண்ணையிடம் திருப்பி அனுப்புகிறேன். எறிவதும் விழுங்குவதும் உங்கள் விருப்பம்.

பராசக்தி

கொழும்பு
2.6.1969

அன்புள்ள பராசக்திக்கு,

உம்மீது வந்த கோபத்தில் அந்தக் குளிசையை இரண்டு நாள் நானே போட்டேன். முதல்நாள் பேனை பிடிக்க முடியவில்லை. மறுநாள் கந்தோர்ப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். நமசிவாயத்தார்தான் தண்ணீர் தந்தார். நீர் பதினெட்டு நாள் எப்படிப் பொறுத்தீர்? மிச்சத்தை எறிந்துவிட்டேன்.

கலியாணத்துக்குத் தனியே போனேன். "பராசக்தி ஏன் வரேல்லை?" என்று நமசிவாயத்தாரின் மனைவி கேட்டா. உமக்குச் சுகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பொய் வரவில்லை. "அவவைக் கூட்டிவர நான் வெட்கப்பட்டனான். அதுதான் வரேல்லை" என்றேன். அவ பிறகு என்னோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை விடிய மெயில் ரயிலில் வந்திறங்குவேன். கோபமென்றாலும் படலையைத் திறவும்.

சிவசுப்பிரமணியம்