பன்றிக்கு மூடிய துறை

1906 ஜூன் 9, ஷாபாத்ஸ், செர்பியா

வெயில் ஏறுமுன் பன்றிகளைத் தோணியில் ஏற்றி ஸாவா ஆற்றைக் கடந்தாயிற்று. அக்கரையில் வியன்னா பேரரசின் கால்நடை வைத்தியன் ஒப்ராட் ஒவ்வொன்றின் வாயையும் காதையும் பார்த்து முத்திரை குத்தினான். அவன் உத்தியோகம்தான் வியன்னாவுடையது. அவன் மொழியும் கோயிலும் எங்களுடையவை. அவனுடைய அப்பாதான் எனக்கு வீடோயே என்று பேர் வைத்த ஞானத்தகப்பன், எங்கள் வழக்கில் கும். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டார்தான் எங்களுக்குக் கும். என் மனைவி தேசாங்கா வயிற்றில் இருப்பதற்கும் ஒப்ராட்தான் பேர் வைக்க வேண்டும். பெறப்போகிற எங்களுக்கு அதில் வாய் திறக்க உரிமை கிடையாது.

பன்றிக்குத் துறையை மூடப் போகிறார்களாம். "ஏழாம் தேதி வரைக்கும் விடுவாங்க, அதுக்குள்ள முடிச்சுக்க" என்று ஒப்ராட் காதில் போட்டான்.

நாள் கிடக்கிறது. நாளையே மலைப்பக்கம் போய்க் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி ஓட்டிவருகிறேன். கடைசிப் பன்றியை விற்கிறவன்தான் ராஜா.

ஜூலை 2

நாசமாய்ப் போக. துறை மூடிக் கிடக்கிறது.

மலையிலிருந்து மந்தையை ஓட்டி வந்து கரையில் நிறுத்தினால், தோணிக்காரன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஏழாம் தேதி போயே போச்சுண்ணே. அவங்க ஏழு."

அவங்க ஏழு! வியன்னாக்காரன் பஞ்சாங்கம் நம்முடையதைவிடப் பதின்மூன்று நாள் முந்தி ஓடுகிறது. அவன் ஜூலை ஏழு நம் ஜூன் இருபத்துநாலிலேயே வந்து போய்விட்டது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கும் வாயிலிருந்து வந்தது நம் வீட்டு ஏழு என்றுதானே எவனும் நினைப்பான்? நாங்கள் ஒன்றாக ஈஸ்டர் கொண்டாடுகிறவர்கள்.

தேசாங்காவின் கல்யாணச் சீராக வந்த திராட்சைத் தோட்டத்தை அடகு வைத்து வாங்கிய மந்தை இது.

ஜூலை 11

அக்கரைத் துறையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். செர்பியப் பன்றிகளுக்கு நோயாம். கீழே கையெழுத்து, ஒப்ராட்.

என் பன்றிக்கு நோயா? சுருட்டை முடி மினுமினுக்க, மாப்பிள்ளை மாதிரி நடக்கிற என் பன்றிக்கா?

மைத்துனன் ரதோவன் பள்ளிக்கூட வாத்தியார். பத்திரிகை படித்துவிட்டு வந்து பாடம் எடுத்தான். வியன்னா தன் தொழிற்சாலைப் பீரங்கியை நாம் வாங்க வேண்டும் என்கிறதாம். நம் மந்திரிகள் பிரான்ஸ் பீரங்கிதான் வேண்டும் என்கிறார்களாம். பெரிய உலைக்களம் வைத்திருக்கிறவன்தான் இனிப் பெரிய ராஜாவாம். அதனால் பன்றிக்கு நோய் வந்துவிட்டது. "பீரங்கி வாங்குறவன் சட்டையைப் பிடிங்கடா, என் பன்றி என்ன பண்ணுச்சு?" என்றேன். தேசபக்தி இல்லாதவன் என்று என்னைத் திட்டிவிட்டு, என் ஒயினையே இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டான்.

சாராயக்கடையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன். இனி ஒப்ராட் என் வாசற்படியை மிதிக்கக்கூடாது.

ஆகஸ்ட் 1

பன்றிகள் மக்காச்சோளம் தின்கின்றன. நான் திட்டு தின்கிறேன்.

ஆகஸ்ட் 19

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். மூக்கு என்னுடையது, பாவம்.

செப்டம்பர் 3

குழந்தைக்கு இன்னும் பேர் இல்லை. ஞானஸ்நானமும் இல்லை. "அது அழுகிறது", "அது தூங்குகிறது" என்றே வீட்டில் பேச்சு நடக்கிறது. ரதோவன், தானே கும்மாக நிற்பதாகச் சொன்னான். செர்பியாங்கா என்று பேர்கூட யோசித்து வைத்திருக்கிறான்; நாட்டையே தூக்கிக் குழந்தை தலையில் வைப்பது மாதிரி.

தேசாங்கா துணி தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "கும் என்ன சட்டைப் பொத்தானா, அறுந்தா வேற தைக்கிறதுக்கு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன் சத்தியத்தை நீ வச்சுக்க. பேரில்லாம என் பொண்ணு செத்துப்போனா, கல்லறையில என்னன்னு எழுதுவே? பன்றின்னா?"



செப்டம்பர் 27

பெல்கிரேடில் பெரிய கசாப்புச் சாலை ஒன்று நம் பன்றிகளை வாங்குகிறது. உயிரோடு போனால்தானே நோய்? அறுத்து, வேகவைத்து, டப்பாவில் அடைத்துத் துருக்கி வழியாகக் கடலுக்கு அனுப்புகிறார்கள். பாதி மந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீராவி இயந்திரம் போடுகிற இரைச்சலில் பன்றி கத்துவதே கேட்கவில்லை. தோட்டம் தப்பிக்கும் போலிருக்கிறது. எகிப்தில் யாரோ இங்கிலீஷ்காரன் என் பன்றியைக் கரண்டியால் தின்னப்போகிறான். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அது அழுதுகொண்டிருந்தது.

நவம்பர் 7

நாளை எங்கள் குலத் திருநாள், அதிதூதர் மிக்கேல். இதற்கு யாரையும் அழைப்பது வழக்கமில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் வழக்கமில்லை. தேசாங்காவும் அழைப்பு அனுப்பவில்லை. ஆனால் ஒரு தட்டு அதிகமாகத் துடைத்து வைத்தாள். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

இந்த வருஷம் திருநாள் புதன்கிழமையில் விழுந்து தொலைத்தது. விரத நாள். பட்டி நிறையப் பன்றி, பந்தியில் மீன். தெருவே சிரிக்கிறது.

நவம்பர் 8

வந்தான்.

பந்தி பாதியில் வாசல் நிழலாடியது. உத்தியோகத் தொப்பி இல்லை, வெறுந்தலை. படிக்கு வெளியே நின்றுகொண்டான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் சத்தியம் எல்லோருக்கும் தெரியும்.

"ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து ஆபீஸ் தேதியே வாயில வந்துருச்சு, வீடோயே. உன்கிட்டப் பேசறப்ப நம்ம தேதியைத்தான் சொல்லியிருக்கணும். உன் பன்றிக்கு ஒரு நோயும் இல்லை, எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடலைன்னா என் புள்ளைங்களுக்குச் சோறில்லை."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். "படியை மிதிச்சாத்தானே சத்தியம்" என்று சொல்லி, அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுவந்து போட்டேன். தடிப்பயல், என்ன கனம்! இடுப்பு இன்னும் வலிக்கிறது. கூடமே கைதட்டியது. தேசாங்கா மட்டும் தலைத்துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நவம்பர் 12

ஞானஸ்நானம். வழக்கப்படி நானும் தேசாங்காவும் வீட்டில் காத்திருந்தோம். ரதோவன்தான் கோயிலிலிருந்து பேரைக் கொண்டுவந்தான், முகம் தொங்கிப்போய். "ஸாவ்காவாம்."

எங்கள் ஆற்றின் பேர். ரெண்டு கரைக்கும் பொது. தேசாங்கா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

1907 பிப்ரவரி 20

டப்பாவில் பன்றிப் படம் ஒட்டியிருக்கிறார்கள். என் பன்றி இதைவிட அழகு. தோட்டம் மீண்டுவிட்டது.

1908 செப்டம்பர் 30

வியன்னா, பொஸ்னியாவைத் தனதென்று அறிவித்துவிட்டது. தெருவெல்லாம் ஊர்வலம், ரதோவனுக்குத் தொண்டை போய்விட்டது. ஒப்ராட்டை வியன்னாவின் பட்டாளத்தில் குதிரை வைத்தியனாக எடுத்துக்கொண்டார்களாம். நம் வீடு இருக்கிற கரையைப் பார்த்தே முகாம்.

நவம்பர் 8

குலத் திருநாள். சனிக்கிழமை, விரதமில்லை. பந்தியில் பன்றி.

விடியற்காலையில் ஆற்றங்கரையில் புதுப் பீரங்கிகள் வந்து இறங்கியிருந்தன. பிரான்ஸிலிருந்து வந்தவை, பளபளவென்று. நம் பன்றிகளைக் கரையில் நிற்கவைத்து வாங்கியவை. ஸாவ்கா ஒன்றின் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தாள், பன்றியைத் தட்டுவதுபோல்.

குழாய் போகிற திசையைப் பார்த்தேன். அக்கரையில் மல்பெரி மரம், அதன் பின்னால் சிவப்பு ஓடு. ஒப்ராட் வீடு.

அதிகாரியிடம் போய், "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைங்க ஐயா, அங்கே எங்க கும் வீடு இருக்கு" என்றேன்.

சின்ன வயசுக்காரர். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த ஊர்ல யாரோ ஒருத்தரோட கும் வீடு இருக்குமே, அண்ணே. நான் எந்தப் பக்கம்தான் திருப்புவேன்?" என்றார்.

மத்தியானம் பீரங்கிக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது. உட்காரச் சொன்னேன், வயிறாரத் தின்றார்கள், நல்ல பிள்ளைகள். ஒரு தட்டுக் குறைந்தது. மூலையில் துடைத்து வைத்திருந்ததை ஒருவன் எடுக்கப் போனான்.

ஸாவ்கா ஓடிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது கும்மோடது" என்றாள்.

அந்தப் பையனுக்கு என் தட்டைக் கொடுத்தேன்.