வண்டி உதறிய நாட்கள்

மார்ச் 4, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மருமகள்தான் ஓட்டினாள். பாலத்து இறக்கத்தில் பிரேக் போட்டதும் வண்டி மறுபடியும் உதறியது. ஸ்டியரிங் அவள் கையில் கிடந்து நடுங்கியது. பின்சீட்டில் வாண்டு, என் பேத்தி, "ஆஆஆ" என்று குரலை நடுங்கவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. முதல் ஜோடி பிரேக் டிஸ்க் பதினொரு மாதம் வந்தது. இரண்டாவது ஏழு. இது மூன்றாவது. போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். "என்னைப் பத்தியும் நானே எழுதணுமா மாமா?" என்கிறாள். எழுது. உள்ளதைத்தானே சொல்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

வண்டி சர்வீசிலிருந்து வந்தது. சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், போன தடவை சொன்னதையேதான் சொன்னார்களாம். ஓட்டுகிறவர் பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறார், டிஸ்க் சூடேறித் தேய்கிறது என்று. சாப்பிடும்போது மகன் சொன்னான், கத்தாமல்தான்: "கொஞ்ச நாளைக்கு நீ வண்டி எடுக்க வேணாம்."

"அப்ப சனிக்கிழமை?" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் அம்மா படுக்கையில் விழுந்து ஒரு வருஷம். வண்டியில் இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை தவறாமல் போய்க் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு வருவாள். மகனுக்கு அன்றைக்கும் வேலை.

இந்தப் பெண் பக்கத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து போயிருக்கிறேன். சும்மா பிரேக்கில் கால் கிடந்து நான் பார்த்ததில்லை.

பேனா நின்றுவிட்டது. எழுதும்மா.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று மூன்று பஸ் மாறிப் போனாள். தலை வாரத்தான் நேரம் இருந்ததாம். குளிப்பாட்ட முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மகனும் நானும் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் காட்டினோம். சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

இன்றும் இல்லை. காது வலி என்று போட்டுக்கொள்.

மார்ச் 13, வெள்ளி

நடுவில் நிறுத்தாமல் எழுத வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மகன் போன் பேச வெளியே போயிருந்தான். மெக்கானிக் வீல் நட்டைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் ஸ்பேனர்மேல் ஏறி நின்றார். "எந்தப் புண்ணியவான் இறுக்கினது பெரியவரே? ஒண்ணு பாறை மாதிரி இருக்கு, பக்கத்துல இருக்கறது அதுல பாதி. இப்படி இழுத்தா டிஸ்க் கோணாம என்ன செய்யும்? அப்புறம் உதறத்தான் செய்யும், தேயத்தான் செய்யும். ஓட்டுறவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்." மகன் திரும்பி வந்தபோது அவர் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

வெள்ளிதோறும் விடியும் முன்னே எழுந்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி நாலு சக்கரத்தையும் இறுக்குவேன். சக்கரத்துக்கு ஐந்து நட்டு. கை ஓய்ந்த இடத்தில் விடுவேன். லாரியில் கிளீனராக இருந்தபோது ஒரு நாள், பசி, "போதும்" என்று பாதியில் விட்டேன். செங்கல் லோடு. கால்வாய்த் திருப்பத்தில் எங்கள் முன்சக்கரமே எங்களை முந்திக்கொண்டு ஓடியது. டிரைவர் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது அந்தச் சக்கரம். சனிக்கிழமை நீ தனியாகப் போகிறாய் — நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

ஆனா உம்மேல பழி விழுந்தப்போ சும்மாதானே இருந்தேன். மூணு நாள். அதுக்கு என்ன சொல்ல?

மார்ச் 14, சனி

நேற்று எழுதி முடித்து நோட்டை மூடினாள். பிறகு என் கையைப் பிரித்துப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையானா உள்ளங்கை கன்றிக் கிடக்குமே. செடிக்கு மண் வெட்டினேன்னு சொல்லுவீங்க. நானும் நம்பி மருந்து தடவிவிட்டேனே மாமா." கோபம்தான். ஆனாலும் கையை விடவில்லை.

நோட்டைத் திறந்தபடி மகன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். அவளிடம் என்ன சொன்னான் என்று எழுத மாட்டாளாம். சரி, விடு. காலையில் சாவி அவள் கைப்பையில் இருந்தது. உதறலோடே மெதுவாகப் போய் வந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டினாளாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

புது டிஸ்க் போட்டு மூன்று வாரம். மெக்கானிக் சொன்ன ஸ்பேனரை மகன் வாங்கி வந்தான். இறுக்கம் வேண்டிய அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் போடும். அந்த அளவின் நம்பரை மருமகள் திருப்பி வைக்கிறாள். நான் எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குகிறேன். டக் என்ற பிறகும் கை இன்னும் கொஞ்சம் என்கிறது.

"போதும் மாமா" என்றாள்.

விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11, சனி

மருமகளின் அம்மாவைப் பார்க்க நானும் கூடப் போனேன். பாலத்து இறக்கம் வந்ததும் வாண்டு "ஆஆஆ" என்று ஆரம்பித்தாள். மருமகள் பிரேக் போட்டாள். குரல் நடுங்கவே இல்லை. ஏமாந்துபோய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள் குட்டி.